கூடம்தான் கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அமெரிக்க மான் வேட்டைக்காரர்களிடம் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. கூடம் நிஜமாகவே கோணல். பழி மட்டும் ஆடுகிறவள் மேல். குறி தவறத் தொடங்கினால் ஸ்கோப்பை மாற்றுகிறார்கள், தோட்டாவை மாற்றுகிறார்கள், சிலர் குழலையே சந்தேகிக்கிறார்கள். ஸ்கோப் உட்கார்ந்திருக்கும் ரெயிலை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அது வெறும் உலோகப் பட்டை, கை வலிக்க முறுக்கிவிட்டால் அசையாது என்பது அவர்கள் நம்பிக்கை.

அசையாது, சரி. வளையுமே!

1962இல் வந்து இன்றும் வீட்டுக்கு வீடு இருக்கும் ரெமிங்டன் 700 ரைஃபிளையே எடுத்துக்கொள்வோம். அதன் ரிசீவரில், அதாவது குழல் பூட்டப்படும் உடலில், முன்மேடு உயரம், பின்மேடு தாழ்வு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே துண்டாக வரும் ரெயிலின் அடிப்பக்கம் அந்த வித்தியாசத்துக்கு ஏற்பக் கடையப்பட்டிருக்கும். ஆனால் ஆலையில் மெருகேற்றும்போது போகிற துளி உலோகத்துக்கு ரெயில் செய்தவர் எப்படிக் கணக்கு வைப்பார்? முன் திருகுகளை மட்டும் பூட்டிவிட்டுப் பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சில துப்பாக்கிகளில் ஒரு கீற்று ஒளி தெரியும். 15 செ.மீ. நீளத்தில் தலைமுடிக் கனம், அதாவது சுமார் 0.07 மி.மீ. சாய்வு இருந்தால், 100 மீட்டரில் அது நாலரை செ.மீ.க்கு மேல்.

"அதைத்தான் ஸ்கோப்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்துவிடலாமே" என்பார்கள். மாறாத சாய்வானால் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் அந்த இடைவெளியை மூடப் பின்திருகை முறுக்கும்போது ரெயில் வில்லாக வளைகிறது. அதன் மேல் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களைப் பூட்டினால் ஸ்கோப்பின் குழாயும் சேர்ந்து நெளிகிறது. அந்த இறுக்கம் ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. அக்டோபரில் சரியாக இருந்த குறி நவம்பரில் நகர்ந்திருக்கும். குடல் கிழிந்த மான் காட்டுக்குள் ஓடி ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும்.

முறுக்குகிற வீரத்துக்கு வருவோம். அந்த ரிசீவரில் வழக்கமாக இருப்பது 6-48 மரை: மூன்றரை மி.மீ. தடிமன், ஓர் அங்குலத்துக்கு 48 சுற்று. அதற்குச் சொல்லப்படும் முறுக்கு 20 அங்குல-பவுண்டை ஒட்டியதுதான். ஓரடி நீளப் பிடியின் நுனியில் முக்கால் கிலோவைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு அவ்வளவே. எண்ணெய் துடைக்காத திருகு அதே முறுக்கில் இன்னும் அதிகமாக இழுபடும். இதில் தோள்பலத்தைக் காட்டினால் மரை தேயும், அல்லது தலை ஒடிந்து துண்டு உள்ளே சிக்கிக்கொள்ளும். முன்கோடித் திருகு நீளமாக இருந்தாலோ இன்னொரு வேடிக்கை: அது குழலின் மரையில் முட்டி நிற்கும், முறுக்கியவர் ரெயில் இறுகிவிட்டது என்று நினைப்பார்.

ரெயிலைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதை. 'பிக்காட்டினி', 'வீவர்' இரண்டும் ஒன்று என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 1995இல் ராணுவத் தரமான பிக்காட்டினியின் பள்ள அகலம் 5.23 மி.மீ.; வீவருடையது 4.57. முன்னதற்கான வளையம் பின்னதில் நுழையாது. 20 எம்.ஓ.ஏ. (ஒரு எம்.ஓ.ஏ. என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சாய்வு ரெயில் தொலைதூரச் சுடுதலுக்கானது. 200 மீட்டரில் மான் சுடுபவர் அதை வாங்கினால், மேலும் கீழுமாக மொத்தமே 50 எம்.ஓ.ஏ. நகரும் ஸ்கோப்பில் கீழ்ப்பக்க 25இல் மிஞ்சுவது ஐந்து. கௌரவத்துக்கு வாங்குவது என்று இதைச் சொல்லலாம்.

வளைவுக்கு மருந்து பலத்தில் இல்லை, பொறுமையில் இருக்கிறது. இடைவெளியை எபாக்சியால் நிரப்பி, எதையும் வளைக்காமல் காயவிட வேண்டும். பிறகு திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, அளவுகாட்டும் திருப்புளியால் பூட்டுவது. வளையங்களைக் குழல் வாய்ப் பக்கமாகத் தள்ளிப் பள்ளத்தின் விளிம்பில் முட்டவைத்தே இறுக்குவது. ஒரு மாலை நேர வேலை.

புது ஸ்கோப்புக்குப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களே, கடைக்குப் போகும் முன் பழைய ரெயிலின் பின்திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். ரெயில் தானாக மேலே எழும்பினால் பணத்தை உள்ளே வையுங்கள்.