பூச்சின் கீழே

கல்முனைக் கரையோரத்தில் வாழ்வோருக்கு ஒரு செய்தி நன்கு தெரியும். சாளரக் கம்பியாயினும் சைக்கிளாயினும், உப்புக் காற்றுப் பட்ட இரும்பு நெடுநாள் தாங்காது. காற்றோடு வரும் உப்பு இரும்பின்மேற் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அவ்விடத்திலே கறள் விரைந்து தோன்றும். கறளோ, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பது. ஆகவேதான் மேற்பூச்சு கொப்புளம்போல உப்பி எழுகிறது.

அண்மையில் அவ்வூர்க் கராஜ் ஒன்றிலே பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றைக் கண்டேன். அலெக் இஸிகோனிஸ் என்பார் வடிவமைத்து, 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த வகை அது. 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி அங்கே நின்றுவிட்டது. ஆயினும், இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலங்களில், பழையதைப் பேணும் கலையை நம் நாட்டார் நன்கு பயின்றுகொண்டனர்.

காரின் சொந்தக்காரர் அவசரத்திலிருந்தார். "அடுத்த கிழமை ஒருவர் வாங்க வருகிறார், தம்பி. பட்டி வைத்துப் பெயின்ற் அடித்துவிட்டால் போதும்" என்றார்.

டிங்கர் வேலைக்காரர் பதில் கூறாமல், கதவின் கீழுள்ள பெட்டிச் சட்டத்தைத் திருப்புளியாற் குத்திக் காட்டினார். அது காகிதம்போல உள்ளே இறங்கியது. "வாங்குகிறவரும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதானே போவார், ஹாஜியார்?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வியின் பொருளை அறிதல் வேண்டும். லொறிக்கு இருப்பதுபோல் இக்காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டு உடலே அதன் எலும்பு. கதவடிச் சட்டமும் தரைத் தகடும் பின் வில்தகடு மாட்டும் இடமும் கறளெடுத்தால், வண்டியின் வலிமையே குன்றிவிடும். பட்டி குழியை நிரப்பும், பாரத்தைத் தாங்காது.

ஹாஜியார் சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "வெட்டு, தம்பி" என்றார்.

வேலை தொடங்கிற்று. முதலில் உடல் வளையாதபடி முட்டுக் கொடுத்தனர். இரு பக்கத்தையும் ஒருங்கே வெட்டினால் கதவு பின்னர் பொருந்தாது. எனவே ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கம். நல்ல இரும்பு தென்படும்வரை கறளை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை ஒட்டினர். ஒடுங்கிய இடங்களில், உட்புறம் இரும்புக் கட்டையை அணைத்து, வெளிப்புறம் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி நிமிர்த்தினர். கடைசியாகவே மெல்லிய பட்டி; அதன்மேல் கறள் தடுக்கும் பூச்சு; அதற்கும் மேலேதான் நிறம். நீர் வடியும் துவாரங்களை அடைக்காமல் விட்டனர்; உள்ளே நீர் தேங்கினால் பட்ட பாடெல்லாம் வீணாகும்.

பழைய கார் வாங்க எண்ணும் வாசகர்கள் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியிற் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். இரும்புத் தகட்டில் அது பற்றிக்கொள்ளும். தடித்த பட்டியின்மேல் வழுக்கி விழும். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்கவும் தயங்காதீர்கள்.

விற்பவருக்கோ காந்தம் தேவையில்லை. பூச்சின் கீழே இருப்பது இன்னதென்பதை அவர் நன்கறிவார். அறிந்ததை மறையாது சொல்வதே நாணயம்.