அறுபது வருஷத்துக்குச் சொந்த வீடு

நம்ம ஊரில் "லீசுக்கு வீடு" என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, காலி செய்யும்போது பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வது. போக்கியம், ஒத்தி என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதனால்தான் நவி மும்பையில் சொந்தமாக ஃபிளாட் வாங்கி, கடன் அடைத்து, கிரகப்பிரவேசமும் செய்த ஒரு தமிழரிடம் போய் "சார், உங்க வீடு லீஸ் நிலத்துல இருக்கு" என்றால் கோபம் வருகிறது.

விஷயம் இதுதான். 1970-ல் சிட்கோ தொடங்கப்பட்டு நவி மும்பை உருவானபோது, நிலத்தை யாருக்கும் கிரயம் செய்து கொடுக்கவில்லை. 60 வருடக் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். கட்டிடம், ஃபிளாட் நம்முடையது. கீழே இருக்கும் மண் நம்முடையதல்ல. நொய்டாவில் இதே கதை 90 வருடம். டெல்லியில் லீஸ் ஃபிளாட்டை முழு உரிமையாக மாற்றிக்கொள்ள 1992-லிருந்தே வழி இருக்கிறது.

எங்கள் சொசைட்டியின் குத்தகை 1984-ல் ஆரம்பித்தது. நான் வாங்கியது 2009-ல். அப்போது 35 வருடம் பாக்கி இருந்தது, நான் எடுத்த கடன் 15 வருடம். எந்தச் சிக்கலும் வரவில்லை. வங்கியில் வேலை பார்க்கிற நானே அந்தத் தேதியைப் படித்துவிட்டு மறந்துபோனேன். குத்தகைக் கடிகாரம் நாம் வாங்கிய நாளில் தொடங்குவதில்லை. நிலம் முதலில் ஒதுக்கப்பட்டபோதே ஓட ஆரம்பித்துவிட்டது.

போன மாதம் பக்கத்து விங்கில் இருக்கும் திருநெல்வேலி அம்மா ஒரு ஃபைலோடு வந்தார்கள். கணவர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. வீட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருக்கலாம் என்று திட்டம். வாங்க வந்த பையனுக்கு 20 வருடக் கடன் வேண்டும். வங்கி மறுத்துவிட்டது. காரணம் ஒரே வரி: குத்தகையில் மீதிக் காலம் போதாது.

"தம்பி, முப்பது வருசமா என் வீடு என் வீடுன்னு இருந்தேனே, அப்ப இது வாடகை வீடா?" என்று கேட்டார்கள். என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வங்கியின் கணக்கு இரக்கமில்லாதது, ஆனால் தவறானதல்ல. அடமானச் சொத்தின் ஆயுள் கடனின் ஆயுளைவிட நீளமாக இருக்க வேண்டும். 18 வருடம் பாக்கி, கடன் முடிந்த பிறகும் 5 வருடம் மிச்சம் இருக்க வேண்டும் என்று வங்கி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 13 வருடக் கடன்தான் கிடைக்கும். 50 லட்சத்துக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400 ரூபாய். 13 வருடம் என்றால் சுமார் 53,000. அந்தப் பையனின் சம்பளத்துக்கு இது ஒத்துவராது. அவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவான். அப்புறம் முழுப் பணம் வைத்திருப்பவர்தான் வருவார். அவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

"அரசாங்கம் இத்தனை லட்சம் பேரைத் தெருவில் விட்டுவிடுமா?" என்று கேட்பீர்கள். விடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, காலம் முடிந்தால் குத்தகை முடிந்தது, இடத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். நீட்டிப்பு கிடைக்குமா என்பது பத்திரத்தில் எழுதியிருப்பதையும், அரசு அவ்வப்போது எடுக்கும் முடிவையும் பொறுத்தது. சிங்கப்பூரில் கேலாங் லோரோங் 3-ல் 191 வீடுகள் இருந்தன. அதுவும் 60 வருடக் குத்தகைதான். 2020 டிசம்பர் 31-ல் காலம் முடிந்தது. நஷ்டஈடு இல்லாமல் நிலம் அரசுக்குத் திரும்பியது. இங்கேயும் அப்படியே நடக்கும் என்று பயமுறுத்தவில்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் தேதி அலங்காரத்துக்கு எழுதியது இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஒரு தடவை கட்டணம் கட்டிக் குத்தகையை 99 வருடமாக்கிக்கொள்ள மகாராஷ்டிர அமைச்சரவை 2018 டிசம்பரில் ஒப்புதல் கொடுத்தது. அடுத்த வருடமே எங்கள் பொதுக்குழுவில் விஷயம் வந்தது. "இப்போ என்ன அவசரம்? கட்டணத்தைக் குறைப்பாங்க, இல்லேன்னா முழு உரிமையே கொடுப்பாங்க, பொறுத்துப் பார்ப்போம்" என்று எழுந்து நின்று பேசியவன் நான்தான். "வங்கிக்காரரே சொல்றார்" என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள். திருநெல்வேலி அம்மாவின் கணவர் ஒருவர்தான், "கையில இருக்கிறப்பவே கட்டிருவோம் தம்பி" என்றார். யாரும் கேட்கவில்லை.

என் கருத்து மாறிவிட்டது. குத்தகை நீட்டிப்பும் லிஃப்ட் மாற்றுவது, மொட்டைமாடி ஒழுகலைச் சரிசெய்வது மாதிரி ஒரு பராமரிப்புச் செலவுதான். நில மதிப்பை வைத்துக் கட்டணம் போட்டால், தள்ளிப்போடப் போட அது ஏறும். "2044-ல் நான் எங்கே இருக்கப் போகிறேன்" என்று கேட்கும் பெரியவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். விற்க வேண்டிய அவசரம் முதலில் அவர்களுக்குத்தான் வருகிறது. மருத்துவச் செலவு, ஊர் திரும்புதல், பாகப்பிரிவினை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஓய்வூதியம் மட்டுமே உள்ளவர்களின் பங்கைச் சொசைட்டி நிதியிலிருந்து கட்டி, வீடு விற்கும்போது பிடித்துக்கொள்ளலாம்.

அரசும் சும்மா இருக்கக் கூடாது. நீட்டிப்பு என்பது அமைச்சரவைக்கு அமைச்சரவை மாறும் சலுகையாக இல்லாமல், கட்டண விகிதத்தோடு சட்டத்தில் எழுதிய உரிமையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஃபிளாட் குத்தகைதாரருக்கு 1993 சட்டமே அந்த உரிமையைக் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு பொதுக்குழு. அதே தீர்மானத்தை இந்தத் தடவை நானே கொண்டுவருகிறேன். போன தடவை நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். திருநெல்வேலி அம்மா முன்வரிசையில் இருப்பார்கள்.

டிஸ்கி: வெளியூரில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் இன்றிரவு ஃபைலை எடுத்து இரண்டு தேதிகளைப் பாருங்கள். குத்தகை எப்போது தொடங்கியது, எப்போது முடிகிறது? குத்தகைப் பத்திரம் சொசைட்டி பெயரில் பதிவாகியிருக்கிறதா என்றும் செயலாளரைக் கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் நம்பாமல், நடப்பில் இருக்கும் அரசாணையின் நகலை வாங்கிப் படியுங்கள். வங்கிக்காரன் பேச்சைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள் :-)