கொரியத் தொடர்களின் மீது ஏன் இந்தப் பழி?

"கொரியத் தொடர் பார்த்துப் பிள்ளைகள் கெடுகிறார்கள், தமிழையும் மறக்கிறார்கள்." பெற்றோர் சந்திப்புகளில் இக்குற்றச்சாட்டு எழாத நாளில்லை. சக ஆசிரியர்களும் தலையாட்டுகிறார்கள். நான் மறுக்கிறேன்.

பழி சுமத்துமுன் ஒரு தொடரையேனும் முழுமையாகப் பார்த்தோமா? 2015-இல் தொடங்கிய 'ரிப்ளை 1988'-ஐ எடுத்துக்கொள்வோம். சியோலில் ஒரு சந்து. அங்கே வளரும் ஐந்து நண்பர்கள். நடுப்பிள்ளையான தொக்சன், அக்காளின் கேக்கிலேயே தன் பிறந்தநாளையும் முடித்துவிடும் வழக்கம் பொறாமல் வெடித்தழுகிறாள். ஒலிம்பிக்கில் மடகாஸ்கரின் பெயர்ப்பலகையை ஏந்தக் காத்திருந்தவள், அந்நாடு விலகியதும் மனமுடைகிறாள். காதலோ வாய்திறக்கவே பல அங்கங்கள் தயங்குகிறது. சமைத்த உணவு வீட்டுக்கு வீடு கைமாறுகிறது. (நம் பழைய கம்பத்து வாழ்க்கையேதான்!) இதிலா கெடுதல்?

நம் வரவேற்பறையில் ஓடுவது என்ன? மாமியார், மருமகள், சொத்துத் தகராறு, பாலில் நஞ்சு. தேக்கா உணவகத்தில் பசியாற அமர்ந்தாலும் சுவரில் அதே அழுகை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதில் இடமெங்கே?

பள்ளியில் நாமும் சளைத்தவர்களல்லர். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்தால் மொழியின் தொன்மையை மனப்பாடம் செய்விக்கிறோம். அதே மாணவியிடம், "தோழியோடு ஏன் பேசுவதில்லை?" என்று தமிழில் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் சொல்லிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். நட்பையும் மனத்தாங்கலையும் பேசும் தமிழை அவள் யாரிடம் கேட்டாள்? 'காதல்' என்றாலோ வீட்டில் அதட்டல், வகுப்பில் நமட்டுச் சிரிப்பு!

அடுத்த ஏப்ரலில் ஒரு பேச்சுப் போட்டிக்கேனும் 'நானும் என் தோழியும் போட்ட சண்டை' என்று தலைப்புக் கொடுங்கள். நடுவராக அமர நான் ஆயத்தம்.