சிரிப்பு வாயு போட்டால் கார் பறக்குமா?

குட்டீஸ், கம்ப்யூட்டர் கேம்ஸில் கார் ஓட்டும்போது 'நைட்ரோ' பட்டனைத் தட்டியிருப்பீர்கள். சைலன்சரில் நீலத் தீ பாயும். கார் சிட்டாய்ப் பறக்கும். 2001-ல் வெளிவந்த 'தி பாஸ்ட் அண்ட் தி பியூரியஸ்' ஆங்கிலப் படத்திலும் இதே கூத்துதான். நிஜத்தில் இப்படி ஒன்று உண்டா? உண்டு. ஆனால், அது சாலையில் ஓடும் காருக்குத் தேவையா?

நைட்ரோ என்று நீங்கள் சொல்வது நைட்ரஸ் ஆக்சைடு. பல் டாக்டர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கிறார்களே, அதே சிரிப்பு வாயு! (கார் சிரிக்காது, பயப்படாதீர்கள்.) 1772-ல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி இதைக் கண்டுபிடித்தார்.

பலரும் இதைப் பெட்ரோல் போல ஓர் எரிபொருள் என்று நினைக்கிறார்கள். தப்பு! இது தானாக எரியாது. ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு கொழுந்துவிட்டு எரிகிறதல்லவா? அந்த ஊதுகுழலின் வேலைதான் இதற்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். இந்த வாயு இன்ஜின் சூட்டில், சுமார் 300 டிகிரியில் உடையும்போது, கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஆக்சிஜன். கூடுதல் ஆக்சிஜன் இருந்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். இன்னொரு லாபமும் உண்டு. சிலிண்டரில் திரவமாக இருப்பது வெளியே வந்து வாயுவாகும்போது பயங்கரமாகக் குளிரும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; இன்ஜினுக்குள் நிறையப் போகும்.

இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மன் போர் விமானங்கள் இதைப் பயன்படுத்தின. உயரத்தில் காற்று குறைவு. இன்ஜின் மூச்சுத் திணறும். அதற்கு இந்த வாயு கைகொடுத்தது.

அமெரிக்காவில் 'டிராக் ரேஸ்' என்று ஒரு போட்டி. 402 மீட்டர் நேர்ப்பாதை, சில வினாடிகளில் ஓட்டம் முடிந்துவிடும். அதற்கு இது கச்சிதம். டர்போ பொருத்துவதைவிடச் செலவும் குறைவு. அங்கே இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாலையில்தான் சிக்கல். நாலரை கிலோ வாயு, பட்டனை அழுத்திப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் காலி! அதுகூடப் பரவாயில்லை. வாயுவுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் வராவிட்டால் சூடு எகிறி, அலுமினிய பிஸ்டனே உருகிப்போகும். சிலிண்டருக்குள் அழுத்தம், கார் டயரில் இருப்பதைப்போல சுமார் 30 மடங்கு. வெயிலில் நிற்கும் காருக்குள் அது இன்னும் ஏறும். கசிந்தால் பூமிக்கும் கேடு. கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு பூமியைச் சூடாக்கும். யாரும் மோந்து பார்த்து உயிரை விட்டுவிடக் கூடாதே என்று, அமெரிக்காவில் காருக்கு விற்கும் வாயுவில் நெடியடிக்கும் கந்தக டை ஆக்சைடைக் கலக்கிறார்கள் என்றால் பாருங்களேன்!

எனக்குப் பெரிய கவலை வேறு. சாலையைக் கடக்கும் பாட்டி, வரும் காரின் வேகத்தைக் கண்ணால் அளந்துதான் காலை எடுத்து வைக்கிறார். அந்த நொடியில் டிரைவர் பட்டனைத் தட்டினால் பாட்டியின் கணக்கு என்னாவது? இன்ஜினுக்குத்தான் பலம் கூடும். பிரேக்குக்கும் டயருக்கும் கூடாதே! பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் சொல்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் யாராவது, "காருக்கு நைட்ரஸ் மாட்டப் போறேன்" என்று பெருமையடித்தால், "பிரேக்குக்கு என்ன மாட்டப் போறீங்க அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள்.