சிஸ்டத்தின் பைத்தான் வேறு, உங்கள் பைத்தான் வேறு

டெபியன் 12 லினக்ஸில் ‘பிப்’ கொண்டு ஒரு பைத்தான் தொகுப்பை நேரடியாக நிறுவப் பார்த்தால், இந்தப் பைத்தான் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லிக் கணினி மறுத்துவிடும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில். என் கணினியில் நான் விரும்பியதை நிறுவ எனக்கு உரிமை இல்லையா என்று கோபம் வருவது இயல்புதான். ஆனாலும் டெபியன் செய்தது சரி. இன்னும் முன்பே செய்திருக்க வேண்டும்.

லினக்ஸில் பைத்தான் நிரல் எழுதுபவருக்காக மட்டும் இருப்பதில்லை. உபுண்டுவில் ஃபயர்வாலை அமைக்கும் ‘யூஎஃப்டபிள்யூ’ பைத்தானில் எழுதப்பட்டது. இத்தகைய கருவிகளுக்கான லைப்ரரிகளை, ஒன்றோடொன்று பொருந்தும் பதிப்புகளாகப் பார்த்துத் தருவது ‘ஆப்ட்’ என்ற பேக்கேஜ் மேனேஜர். ஆப்ட் தருவதையும் பிப் நிறுவுவதையும் தனித்தனி இடத்தில் வைத்தால் போதாதா? டெபியனில் அந்த ஏற்பாடு முன்பே உண்டு. ஆப்ட் தருவது ‘யூஎஸ்ஆர்’ அடைவின் ‘லிப்’புக்குள் போகும், ரூட் அனுமதியோடு பிப் நிறுவுவது ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ பக்கம் போகும். கோப்புகள் கலப்பதில்லை. ஆனால் லைப்ரரியைத் தேடும்போது பைத்தான் லோக்கலைத்தான் முதலில் பார்க்கிறது. ஏதோ ஒரு புராஜெக்டுக்காக நேற்று நிறுவிய புதிய பதிப்பு சிஸ்டம் கருவியின் கையிலும் முதலில் அகப்படும். பழையதில் இருந்த ஒரு ஃபங்ஷன் புதியதில் நீக்கப்பட்டிருந்தால் கருவி அங்கேயே நின்றுவிடும். அந்தக் கருவியைத் தொடவே தொடாத பயனர், கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? ஆக, இருப்பிடத்தோடு தேடும் பாதையையும் பிரித்தாக வேண்டும். 2012-இல் பைத்தான் 3.3-உடன் வந்த ‘வென்வ்’ அதைத்தான் செய்கிறது: புராஜெக்டுக்கு ஓர் அடைவு, அதற்குள்ளேயே அதன் லைப்ரரிகள். ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பின் பழைய பதிப்பு ஓர் அடைவிலும் புதியது இன்னொன்றிலும் சண்டையில்லாமல் இருக்கும்.

ஒரே லைப்ரரி பத்து இடத்தில் உட்கார்ந்தால் டிஸ்க் வீணாகாதா என்பார்கள். ஆகும்தான்; பழுதான சிஸ்டத்தைச் சீராக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது சிறிய செலவு. பாதுகாப்பு பற்றிய மறுப்புதான் கனமானது. 2014-இல் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோது, பொதுவான ஒரே பிரதியைப் பயன்படுத்திய கணினிகளில் அந்த லைப்ரரியை மாற்றி, அதை நம்பியிருந்த சேவைகளை மறுபடி தொடங்கினாலே ஓட்டை அடைபட்டது. பிரதிகள் பெருகினால் ஒவ்வொன்றையும் தேடிப்போய்த் திருத்த வேண்டும். இந்த வாதம் உண்மையானது. ஆனால் அது பிப்பைச் சிஸ்டத்துக்குள் விடுவதற்கு ஆதரவாக நிற்காது. பிப் நிறுவியதை ஆப்ட் அறியாது. ஆப்ட் கொண்டுவரும் பாதுகாப்புத் திருத்தம் அதைத் தொடவும் தொடாது. தொடாததோடு, திருத்திய பதிப்பை லோக்கலில் கிடக்கும் பழையது மறைத்தும் விடலாம். புராஜெக்ட் அடைவிலோ, என்னென்ன பதிப்புகள் உள்ளன என்று ஒரு கோப்பில் எழுதிவைத்து, வேண்டும்போது அடைவை அழித்துப் புதிதாக உருவாக்கலாம். சிஸ்டத்துக்குள் சிதறியதை அப்படி அழிக்க முடியாது.

தெரிந்தே மீற விரும்புகிறவர்களுக்கு ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற தெரிவு இருக்கிறது. தூக்கியெறியக்கூடிய கன்டெய்னருக்குள் அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. கவலை புதிதாகக் கற்பவர்களைப் பற்றியது. மறுப்புச் செய்தியைக் கண்டதும் இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் அந்தத் தெரிவை ஒட்டிவிட்டு நகர்வார்கள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலிலேயே பைத்தான் பாடமாக இருக்கிறது. கற்பிப்பவர்கள் பிப் கட்டளையைக் காட்டும் முன்பே வென்வ் உருவாக்கக் காட்டிவிட வேண்டும். ஒரே ஒரு வகுப்பு நேரம் போதும்.