ஓடும் வீட்டில் ஒலியும் ஒளியும்

எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்று, பின்னர்க் கனடா சென்று ரொறன்ரோ நகரிற் குடியமர்ந்துவிட்ட நண்பர் ஒருவர், சென்ற மாதம் எமக்கு நீண்டதொரு மடல் எழுதியிருந்தார். பழைய மோட்டார் வீடு ஒன்றை விலைக்கு வாங்கியிருக்கிறாராம். இப்பெயரைக் கேட்டு மயங்கும் இளம் வாசகருக்காகச் சொல்கிறோம்: பஸ் வண்டியை ஒத்த வாகனமொன்றினுள்ளே கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை யாவும் அமைத்து, நிறுத்திய இடத்திற் குடியிருக்கும்படி செய்த வண்டி அது. வட அமெரிக்காவில் இவற்றிற் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்க்காட் நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகளிலேயே உருவாகின்றது. நண்பருடையது 1996ஆம் ஆண்டில் வெளிவந்தது. இக்கோடையில் மனைவி மக்களுடனும் 81 வயதுத் தகப்பனாருடனும் அதில் ஏறி, றொக்கி மலைகளை நோக்கி 3,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமொன்றை மேற்கொள்ள எண்ணியிருக்கிறார்.

வண்டியில் ஏற்கெனவே வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. ஆயின் அவை அக்காலத்தவை. சாரதியின் தலைக்கு மேலுள்ள அலுமாரியில் கண்ணாடிக் குழாயோடு கூடிய கனத்த தொலைக்காட்சிப் பெட்டி. முன்பலகையிற் கசெற் நாடா போடும் வானொலி. இவற்றை அகற்றிவிட்டு 50 அங்குலத் திரையும், 1,000 உவாற்று என எழுதிய ஒலிபெருக்கியும், இருக்கை அதிர முழங்கும் தாழ்சுருதிப் பெட்டியும் பொருத்த விரும்புகிறார். காரணத்தையும் எழுதியிருந்தார். “அப்பாவுக்கு இப்ப காது நல்லாக் கேக்கிறேல்லை. நாங்கள் முன்னுக்கிருந்து கதைச்சுச் சிரிக்க, அவர் பின்னுக்கு ஒண்டும் விளங்காமல் கண்ணாடியாலை வெளியிலை பாத்துக்கொண்டிருக்கிறார். நீ பௌதிகம் படிப்பிக்கிறவன். எது வாங்கலாம் எண்டு சொல்லு.”

பௌதிகம் படிப்பிப்பவனிடம் கேட்டால் பௌதிகமே விடையாக வரும். நாம் அனுப்பிய மறுமொழி, ஓமின் விதியை மனனம் செய்துகொண்டிருக்கும் மாணவருக்கும் பயன்படலாம் என்பதால் அதன் சாரத்தை இங்கு தருகிறோம்.

வீட்டிற் சுவரிலுள்ள துளையில் முளையைச் செருகினால் மின்சாரம் வருகிறது; எங்கிருந்து வருகிறது என்று எவரும் கேட்பதில்லை. ஓடும் வீட்டில் அவ்வாறு இருத்தல் இயலாது. வண்டி காட்டிடையே நிற்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் உரிய விலையைப் பற்றரியே செலுத்துகின்றது. மோட்டார் வீட்டிற் பற்றரி இருவகைப்படும். ஒன்று எஞ்சினை இயக்குவது. மற்றையது வீட்டுப் பகுதிக்கு விளக்கேற்றுவது. பழைய வண்டிகளில் முன்பலகை வானொலி பெரும்பாலும் எஞ்சின் பற்றரியோடு இணைந்திருக்கும். இரவு முழுவதும் பாட்டுக் கேட்டுவிட்டுக் காலையிற் சாவியைத் திருப்பினால் எஞ்சின் வாய் திறவாது. ஆகையால் புதிய வானொலியை வீட்டுப் பற்றரியோடு இணைக்கும்படி சொன்னோம்.

இந்த விலையைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 100 அம்பியர்-மணி கொண்ட ஈயப் பற்றரியில் அரைவாசியை மாத்திரமே எடுத்தல் நன்று. அதற்கு மேல் வற்றவைத்தால் அதன் ஆயுள் குன்றும். ஆக, கையிலிருப்பது 50 அம்பியர்-மணி. குழாய்த் தொலைக்காட்சி 100 உவாற்று அளவில் உண்பது. அது ஆடலோட்டத்தில் இயங்குவதாதலின், 12 உவோல்ற்று நேரோட்டத்தை மாற்றிக் கொடுக்க இன்வேட்டர் ஒன்று வேண்டும். அதுவும் தன் கூலியாகப் பத்திலொரு பங்கையேனும் எடுத்துக்கொள்ளும். ஆக மணிக்கு 9 அம்பியர்-மணி செலவாக, ஐந்தரை மணி நேரத்திற் கையிருப்புத் தீர்ந்துவிடும். 24 அங்குல எல்.ஈ.டி. திரைகளில் 12 உவோல்ற்றிலேயே நேராக இயங்குபவை உள. அவை 30 உவாற்று அளவில் உண்பவை; இன்வேட்டரும் வேண்டா. அதே கையிருப்பு 20 மணி நேரம் போதும். நண்பர் விரும்பிய 50 அங்குலத் திரையோ ஏறக்குறையப் பழைய பெட்டி உண்ட அளவை உண்ணும். மேலும் அவ்வண்டியில் ஆசனத்துக்கும் திரைக்கும் இடையே இரண்டு மீற்றர்தானும் இராது. இலிதியம் பற்றரி வாங்கினால் இன்னும் ஆழமாக எடுக்கலாம் என்பது உண்மையே. எனினும் உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றலாகாது என்பதைக் கனடாவில் வாழ்பவர் மறத்தல் கூடாது.

அடுத்தது கம்பி. பழுதுகளும் தீ விபத்துக்களும் ஒளிந்திருப்பது இங்கேயே என்பதாற் சற்று விரிவாக எழுதினோம். 60 உவாற்றுக் கருவி, கனடா வீட்டின் 120 உவோல்ற்றில் அரை அம்பியரையே இழுக்கும். 12 உவோல்ற்றில் 5 அம்பியரை இழுக்கும். பற்றரியிலிருந்து பின்னறைக்கு 8 மீற்றர் எனின், போகவும் வரவும் 16 மீற்றர்க் கம்பி. கடையில் மலிவாகக் கிடைக்கும் 0.75 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியில் இத்தூரத்துக்குத் தடை 0.37 ஓம் அளவில் வரும். 5 அம்பியரால் அதைப் பெருக்கினால் 1.8 உவோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். கருவிக்குக் கிடைப்பது பத்தும் சொச்சமும். திரை அடிக்கடி அணையும். கடைக்காரர் மேற் பழி விழும்! 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியாயின் இழப்பு மூன்றிலொரு உவோல்ற்று அளவே. இழந்த உவோல்ற்று எங்கும் மறைந்துவிடுவதில்லை, மாணவர்களே! அது கம்பியில் வெப்பமாகின்றது. மெல்லிய பலகைச் சுவருக்குள், பஞ்சுக்கிடையே, எவர் கண்ணுக்கும் தெரியாது வெப்பமாகின்றது. எனவே உருகி, பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருத்தல் வேண்டும். உருகி கருவியைக் காப்பதற்கென்றே பலர் எண்ணுகின்றனர். அது முதலிற் கம்பியைக் காப்பது. கம்பி தாங்கும் அளவுக்கு மேற்பட்ட உருகியை இடுவது, காவற்காரனைத் தூங்கவிட்டுக் கதவைப் பூட்டுவது போலாகும்.

1,000 உவாற்று ஒலிபெருக்கியைப் பற்றி இனிச் சொல்லவும் வேண்டுமோ? முழு வலுவில் அது 80 அம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட அந்த எண் பெரும்பாலும் கணநேர உச்சமேயன்றித் தொடர்ந்து கிடைக்கும் வலுவன்று. அது வேறு கதை.

இவ்விடத்தில் நண்பருக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டினோம். 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. உலர்மின்கலங்களும் தடைப்பட்ட பொருள்களாயின. எமக்கு அப்போது வயது பன்னிரண்டு அளவில் இருக்கும். நண்பரின் வீட்டு விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லோடு அழுத்தி, நானா நீயா என்று முறைவைத்துப் பெடலைக் கையாற் சுழற்றுவோம். நண்பரின் தகப்பனார் ஏரியல் கம்பியின் நுனியை முருங்கை மரத்திற் கட்டி, போதாதவிடத்துத் தாமே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அயலவர் பதினைந்து இருபது பேர் வானொலியைச் சூழ்ந்து குந்தியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்பர். கை சோர்ந்தால் குரலும் சோரும், “சுத்தடா தம்பி, சுத்து!” என்று நாலு பக்கத்தாலும் அதட்டல் வரும். சைக்கிள் டைனமோ 6 உவோல்ற்று, 3 உவாற்று அளவினது. அந்த 3 உவாற்றில் இருபது பேருக்குச் செய்தி விளங்கியது. இன்று ஒரு முதியவருக்கு 1,000 உவாற்று போதுமா என்று அவர் மகன் கேட்கிறார்.

இருபது பேருக்கும் விளங்கியது, யாவரும் அருகிருந்தமையால். ஒலியின் இயல்பு இது: வலுவை இருமடங்காக்கினால் 3 டெசிபெல் மாத்திரமே கூடும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற வேண்டுமெனின் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு, வேண்டும். ஆனால் தூரத்தைப் பாதியாக்கினால் வலுவைக் கூட்டாமலே 6 டெசிபெல் கிடைக்கும். முன்பலகையில் 4 மீற்றருக்கு அப்பாலுள்ள ஒலிப்பானை விட்டு, தகப்பனாரின் தலைக்கருகே அரை மீற்றரில் உள்ளங்கையளவு ஒலிப்பானொன்றைப் பொருத்தினால் 18 டெசிபெல் ஏறும். அது வலுவை 64 மடங்காக்குவதற்கு ஒப்பு. இது திறந்த வெளிக்கு உரிய கணக்கு. சுவர்கள் ஒலியைத் திருப்பும் சிறு கூண்டினுள் இவ்வளவு கிடையாது. பாதி கிடைப்பினும் ஒலிபெருக்கிக்கான பணம் மிச்சம்.

இதனினும் பெரிய உண்மையொன்று உண்டு. வயோதிபத்திற் காது ஒரே அளவாக மந்தமாவதில்லை. உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒலிகளே முதலில் மறைகின்றன. உயிரொலிகள் தாழ்ந்தவை, உரமானவை. சொல்லுக்குச் சொல் வேற்றுமை காட்டும் மெய்யொலிகளோ மெல்லியவை. அவற்றுட் பல உயர்ந்தவை. ‘பால்’ என்பதும் ‘கால்’ என்பதும் இடையிலுள்ள ஆகாரத்தால் வேறுபடவில்லை. தொடக்கத்து மெய்யால் வேறுபட்டன. அந்த மெய் கேளாதவர், “சத்தம் கேக்குது, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்பார். அவருக்குத் தாழ்சுருதிப் பெட்டியை வாங்கி வைத்தால், எஞ்சின் இரைச்சலோடு இன்னோர் இரைச்சல் சேர்ந்து எஞ்சிய மெய்யொலிகளையும் மூடிவிடும். தாழ்சுருதியைக் குறைத்து உயர்சுருதியைச் சற்று ஏற்றுதலே தகும். அதற்கும் முன்னதாக, காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் அவரை அழைத்துச் செல்லும்படி எழுதினோம். காதுக் கருவி ஒன்று ஏற்கெனவே வாங்கிக் கொடுத்ததாகவும், இரைச்சலாக இருக்கிறதென்று அவர் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டதாகவும் நண்பர் எழுதியிருந்தார். கருவியைச் செம்மைப்படுத்தாமல் வண்டியைச் செம்மைப்படுத்துவது முறையன்று. இன்றைய காதுக் கருவிகள் பலவற்றுக்குத் துணையாகச் சிறு ஒலிவாங்கி கிடைக்கின்றது. முன்னாலிருந்து பேசும் மருமகளின் சட்டையில் அதைக் குத்திவிட்டால் அவர் பேச்சு நேரே கிழவனாரின் காதுக்குப் போகும். அவர் இழந்திருப்பது சினிமாப் பாட்டை அன்று. வீட்டார் கதையை என்றே நாம் கருதுகிறோம்.

காது மந்தமானவர் தம்மை அறியாமலே உதட்டைப் பார்த்துச் சொல்லை உணர்வர். ஆகவே திரையைச் சாரதியின் தலைக்கு மேல் வையாது, அவர் கண்மட்டத்தில் வைத்தல் நன்று. புளுரூத் வழியாக ஒலி செல்லும்போது சிற்சில வேளைகளிற் சற்றே பிந்தும்; உதடு ஒன்று சொல்லக் குரல் பின்னால் வந்து சேரும். அதனால் அவருடைய ஒலிப்பானுக்கு மாத்திரம் கம்பியே இழுக்கும்படி சொன்னோம். திரை சாரதியின் பார்வைக்கு எட்டாத பக்கத்தில் இருத்தல் வேண்டும். வழிகாட்டும் படம் முதலிய விலக்குகள் தவிர, ஓடும் வண்டியிற் சாரதிக்குத் தெரியும் திரையை ஒன்ராறியோ மாகாணச் சட்டம் தடுக்கின்றது. சட்டம் இல்லாவிடினும் அறிவு தடுக்க வேண்டியதே.

நிகழ்ச்சிகள் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும் உண்டு. அமெரிக்காவின் பெரிய நிலையங்கள் 2009 ஜூன் 12ஆந் திகதியும், கனடாவின் பெருநகர் நிலையங்கள் 2011 ஓகஸ்ற் 31ஆந் திகதியும் பழைய முறை ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. எனவே 1996ஆம் ஆண்டுப் பெட்டி கூரை அன்ரெனாவிலிருந்து தானாக எதையும் காட்டாது. அன்ரெனா அந்தப் பழையதேயாயினும் புதிய திரையோடு வேலை செய்யும். சுவரிலுள்ள சிறு ஆளியைப் போட்டால்தான் அதன் பெருக்கிக்கு 12 உவோல்ற்று ஏறும் என்பதை அறியாது, கூரை மேலேறித் தேடுவோர் பலர். செய்மதி வழி இணையம் பூட்டலாம். ஆனால் ஸ்ரார்லிங் போன்ற தட்டுக்களுட் பல 50 உவாற்றும் அதற்கு மேலும் உண்பவை. 24 மணி நேரமும் திறந்துவிட்டால் 100 அம்பியர்-மணி முழுவதும் அதற்கே போய்விடும். சுப்பீரியர் ஏரியின் வடகரையோரம் கைத்தொலைபேசிக்கும் நெடுந்தூரம் தொடர்பில்லை. பாட்டையும் படத்தையும் புறப்படுமுன் சிறு நினைவுக் குச்சியிற் பதிந்து எடுத்துச் செல்வதே மலிவு.

கடைசியாக ஒன்றை மடலின் தலைப்பில் எழுதியிருக்க வேண்டும். மறந்துபோய் அடியில் எழுதினோம். பற்றரி தீர்ந்ததும் மின்பிறப்பாக்கியை இயக்கிப் படத்தைத் தொடர்வது பலர் வழக்கம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது; உறங்குவோரை எழுப்பாமலே கொல்வது. படம் பாதியில் நின்றால் நிற்கட்டும். மின்பிறப்பாக்கியை இயங்கவிட்டு எவரும் உறங்கலாகாது. அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி வண்டியில் இருத்தல் வேண்டும். 1996ஆம் ஆண்டு வண்டியில் அது இருந்தாலும் அதன் ஆயுள் என்றோ முடிந்திருக்கும்; புதியது வாங்கவேண்டும்.

மறுமொழி இரண்டு கிழமையில் வந்தது. 24 அங்குலத் திரை பொருத்தியாயிற்றாம். 30 கிலோவுக்கு மேற்பட்ட பழைய பெட்டியை இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்களாம். அந்த அலுமாரியில் இப்போது போர்வைகள் இருக்கின்றன. கம்பியும் உருகியும் எம் சொற்படியே. காதுக் கருவியைத் திருத்தியமைக்க இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. தகப்பனார் இன்னும் முணுமுணுக்கிறார், ஆனாலும் கழற்றவில்லை. வண்டியை எடுக்குமுன் கூரை அன்ரெனாவை இறக்க மறந்து, மரக்கிளையில் அடித்து முறிப்போர் அங்கு ஏராளமாம். அதனால் “அன்ரெனா இறக்கியாச்சோ?” என்று தமிழில் எழுதிய அட்டையொன்றை ஸ்ரியறிங்கில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதை இறக்குவதும் ஏற்றுவதும் தமக்குரிய வேலையென்று தகப்பனார் எடுத்துக்கொண்டாராம்.