மடிப்புக்குள் இருந்தது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் ஊரான திருவக்கரையில் துணியெல்லாம் நாள்கணக்கில் வீட்டுக்குள் கட்டிய கொடியிலேயே கிடந்தது. ஈரவாடைக்கு மழையைத் திட்டினோம். வெயில் வந்து, துண்டு மொடமொடவென்று காய்ந்த பிறகும், முகம் துடைத்தால் அதே வாடை. சோப்புத்தூளை மாற்றினோம், வாசனைத் திரவத்தைக் கூட ஒரு மூடி ஊற்றினோம். வாஷிங் மெஷின் மேல் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அழுக்கைப் போக்குகிற பொருளுக்கே அழுக்குப் பிடிக்கும் என்று எப்படித் தோன்றும்?

மெக்கானிக் வந்து, கதவு வாயிலுள்ள ரப்பர் வளையத்தை விரலால் இழுத்துக் காட்டினார். மடிப்புக்குள் கறுப்பாகப் பூசணம், தேங்கிய தண்ணீர், ஒரு ஹேர்பின், ஊர்க் காளி கோயில் குங்குமப் பொட்டலத்தின் காகிதக் கூழ். "இத எப்ப சார் தொடச்சீங்க?" என்றார். வாங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதைத்தான் பதிலாகச் சொன்னேன்.

தெருவில் மற்றவர்கள் கதையும் இதுதான். மேலே திறக்கும் மெஷின் வைத்திருந்தவர்கள், "நம்மகிட்ட ரப்பரே இல்ல" என்று தப்பித்துக்கொள்ளப் பார்த்தார்கள். மெக்கானிக் உள்தொட்டியைக் கழற்றினார். வெளிப்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் களி அப்பியிருந்தது. அது நாங்களே ஊட்டி வளர்த்தது. உப்புத் தண்ணீரில் லேசில் நுரை எழாது. நுரை வந்தால்தான் அழுக்குப் போகும் என்று தூளை அள்ளிப் போடுவோம். கரையாத தூளும் உப்பும் வாசனைத் திரவத்தின் பிசுக்கும் தொட்டிக்குப் பின்னால் படியும். பச்சைத் தண்ணீரில் துவைத்து, ஈரத்தோடு மூடி, மேலே ஒரு பூப்போட்ட உறையும் போர்த்தினோம். பூசணத்துக்கு வேறென்ன வேண்டும்? ஸ்லோவேனியாவில் ஆய்வாளர்கள் வீட்டு மெஷின்களின் ரப்பரிலும் சோப்பு டிராயரிலும் ஃபுசேரியம், கேண்டிடா வகைப் பூஞ்சைகளைக் கண்டிருக்கிறார்கள். காய்ந்த துணியிலும் விடாத வாடைக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா ஒரு காரணம் என்று 2012இல் ஜப்பானில் கண்டறிந்தார்கள். நாங்கள் பழிபோட்ட மழை பாவம்.

ஊருக்கு வருகிற விருந்தாளியைக் கல்மரப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவந்து மணலில் புதைந்த மரங்கள். காற்றுப் படாமல் மூடிக்கொண்டதால் அவை மட்கவில்லை. மரத்துக்குள் சிலிக்கா மெல்ல ஊறிக் கல்லாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சொனேரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றுவரை ஒப்பிப்போம். பூசணம் தொடாமல் தப்பிய மரத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, பூசண வாடையடிக்கும் துண்டை எடுத்து விருந்தாளிக்குக் கொடுத்திருக்கிறோம்.

இதைவிடச் சொல்லக் கூசுகிற ஒன்று உண்டு. முன்பு நம் துணிக்கு வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியைப் பானை மேல் அடுக்கி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, காலையில் ஆற்றுக்குக் கொண்டுபோவார்கள். அந்தச் சூட்டில் பூசணம் தங்காது. செய்தவர்கள் வண்ணார் குடும்பங்கள். தீட்டுத் துணியைக்கூட அவர்கள் கையில் கொடுத்தோம். சோற்றைக் கொல்லைப்புறமாகக் கொடுத்தோம். அந்தக் கை வெந்ததா, முதுகு வளைந்ததா என்று கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிறகு அந்த வேலை வீட்டுப் பெண்களிடம் போனது, அப்புறம் மெஷினிடம். நம் அழுக்கை யாரிடம் ஒப்படைத்தாலும், துணி வெளுத்ததா என்று மட்டுமே பார்த்துப் பழகியவர்கள் நாம். 2021 தேர்தலில் இலவச வாஷிங் மெஷின் தருவதாக ஒரு கட்சி வாக்குறுதி கொடுத்தபோது டீக்கடையில் எவ்வளவு பேசினோம்! மெஷினை யார் கழுவுவது என்ற பேச்சு அங்கே எழவே இல்லை.

மெக்கானிக் சொன்னதில் பெரிய வித்தை ஏதுமில்லை. துவைத்து முடிந்ததும் துணியை எடுத்துவிட வேண்டும். ரப்பர் மடிப்பைத் துடைத்துக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் ஒரு கண் வேண்டும். டிராயரை உருவிக் கழுவி, கீழேயுள்ள ஃபில்டரைத் திறந்து குப்பையை எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை துணி போடாமல் டிரம் கிளீன், நல்ல சூட்டில். தூளைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். அதற்குத்தான் தெருவில் எதிர்ப்பு அதிகம். உப்புக் கறைக்குச் சிட்ரிக் ஆசிட் போதும். காளிக்கு எலுமிச்சை மாலை கோக்கிற ஊருக்கு அந்தப் புளிப்பின் சக்தியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பிளீச்சிங் பவுடரையும் சிட்ரிக் ஆசிடையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. கிளம்புவது குளோரின் வாயு, நெஞ்சை அடைக்கும்.

இப்போது மெஷின் பக்கத்து ஆணியில் ஒரு துடைக்கிற துணி தொங்குகிறது. என்னுடைய பழைய பனியன்தான். கிழித்து மாட்டியது என் மனைவி. இதை எழுதுகிற நாள்வரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருப்பதும் அவள்தான்.